சிரிக்க வைத்த குரல்: சந்திரபாபுவின் பாடல்கள் ஏன் இன்னும் பழசாகவில்லை?

வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரில் வேலையை முடித்துவிட்டு பஸ் ஏறி, ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லாவற்றையும் அரைத் தூக்கத்தில் கடந்து, விடியும் முன்பே சேலம் புது பஸ் ஸ்டாண்டில் இறங்குபவர்கள் நிறையப் பேர். அங்கிருந்து ஆத்தூர் பஸ் பிடித்தால் அயோத்தியாப்பட்டணம் தாண்டி வாழப்பாடி. ஜன்னலுக்கு வெளியே பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடும் இருட்டில் நகரும். காதில் ஹெட்போன். அந்த ஒரு மணி நேரத்துக்கென்று எல்லோரும் தனியாக ஒரு பிளேலிஸ்ட் வைத்திருப்பார்கள்.

சிலருக்கு அது ஜாஸ். 1959-ல் வந்த மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் இன்றைக்கும் மனசை இறக்கி வைக்கும் என்பார்கள். சிலருக்கு இளையராஜா. இந்தப் பட்டியல்களுக்குள் ஒரு கறுப்பு வெள்ளைக் காலத்துக் குரலும் அவ்வப்போது வந்துவிடுகிறது. துள்ளும், திடீரென்று உச்சிக்கு ஏறி உடையும், மறுநொடியே கீழே இறங்கிச் சிரிக்கும். அது ஜே.பி.சந்திரபாபுவின் குரல். அவர் இறந்து ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. பாட்டுக்கு மட்டும் வயசு ஏறவில்லை.

காமெடி நடிகர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? ஜாஸுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஊரையே சிரிக்க வைத்தவர் ஏன் 46 வயதில், கையில் காசில்லாமல் போய்ச் சேர்ந்தார்?

யார் இந்த சந்திரபாபு?

1927 ஆகஸ்ட்டில் தூத்துக்குடியில், கத்தோலிக்கப் பரதவர் குடும்பத்தில் பிறந்தவர். முழுப் பெயர் ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு ரோட்ரிகஸ். தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்தப் பெயரின் நடுப்பகுதியை விளக்க வேண்டியதில்லை. ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா. அந்த மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு மாதாவின் பெயர் வந்தது இயல்புதான்.

அப்பா ரோட்ரிகஸ் சுதந்திரப் போராட்டக்காரர். 'சுதந்திர வீரன்' என்ற பத்திரிகையை நடத்தியவர். ஆங்கிலேய அரசு அந்தப் பத்திரிகையைப் பறிமுதல் செய்தது, அவரையும் சிறையில் வைத்தது. விடுதலைக்குப் பிறகு குடும்பம் ஊரில் இருக்க முடியாமல் கடல் தாண்டி கொழும்புக்குப் போனது. சந்திரபாபு அப்போது சின்னக் குழந்தை. பள்ளிப் படிப்பு முழுக்க கொழும்பில்தான்.

அப்பாவின் அரசியலால் நேர்ந்த இந்த இடமாற்றம்தான் பிற்பாடு தமிழ் சினிமாவுக்கு ஒரு புது மாதிரிக் குரலைக் கொடுத்தது.

கொழும்பு அவருக்கு என்ன கொடுத்தது?

1930-களின் கொழும்பு சாதாரண ஊர் இல்லை. ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் இடையே ஓடும் கப்பல்கள் நிற்கும் துறைமுகம். கப்பலோடு ஆட்கள் வந்தார்கள், இசைத்தட்டுகளும் வந்தன. 1925-லேயே அங்கே வானொலி ஒலிபரப்பு தொடங்கிவிட்டது. ஹாலிவுட் படங்களும் மேற்கத்திய நடன இசையும் அங்கே வளர்ந்த பையன்களுக்கு அன்றாட விஷயம்.

அதே வயதுப் பையன் அந்தக் காலத்துச் சேலம் ஜில்லாவில் இருந்திருந்தால் அவன் காதில் விழுந்திருக்கக்கூடியது தெருக்கூத்துப் பாட்டு, நாடகக் கம்பெனிகளின் கர்நாடக மெட்டு, கோயில் நாதஸ்வரம். சந்திரபாபு காதில் இந்தத் தமிழ் மெட்டுகளும் விழுந்தன, கூடவே மேல்நாட்டுத் தாளமும் விழுந்தது. தமிழைத் தாய்மொழியாகவும் மேற்கத்திய இசையைச் சின்ன வயசுப் பழக்கமாகவும் வைத்திருந்தவர்கள் அன்றைய சென்னைப் பட உலகில் மிகக் குறைவு.

யோடலிங் என்றால் என்ன? ஜாஸுக்கும் அதற்கும் என்ன உறவு?

சந்திரபாபு பாடல்களில் குரல் சட்டென்று மேலே ஏறி உடைந்து கீழே இறங்குமே, அதற்குப் பெயர் யோடலிங்.

நாம் பேசும்போது வருவது நெஞ்சுக் குரல். அதைத் தாண்டி மேலே போனால் மெல்லிய கள்ளக் குரல் வரும். பொதுவாகப் பாடகர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள ஒட்டுத் தெரியாமல் மறைக்கத்தான் பயிற்சி எடுப்பார்கள். யோடலிங் இதற்கு நேர்மாறு. ஒட்டை வேண்டுமென்றே காட்டி, ஒரு குரலிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாகத் தாவி, திரும்பவும் தாவுவது. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் மேய்ப்பர்கள் ஒரு சரிவிலிருந்து இன்னொரு சரிவுக்குக் கூப்பிடப் பயன்படுத்திய சத்தத்திலிருந்து வளர்ந்தது இது. ஏற்காட்டு மலைச் சரிவில் யாரையாவது சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் ஆரம்பம் புரிந்துவிடும்.

இந்தச் சத்தத்தை உலகம் முழுக்க இசைத்தட்டில் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஜிம்மி ரோட்ஜர்ஸ். ரயில்வே வேலையிலிருந்து பாட்டுக்கு வந்தவர். அவருடைய முதல் 'ப்ளூ யோடல்' பாட்டு பதிவானது 1927 நவம்பரில். சந்திரபாபு பிறந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் துயரப் பாட்டு வடிவத்தோடு அவர் யோடலை இணைத்தார். 1930-ல் அந்த வரிசையின் ஒன்பதாவது பாட்டில் அவருக்கு ட்ரம்பெட் வாசித்தவர் யார் தெரியுமா? ஜாஸ் உலகின் பெரிய பெயரான லூயி ஆம்ஸ்ட்ராங்!

ஆம்ஸ்ட்ராங் பாடும்போது பொருளில்லாத அசைகளை வாத்தியம் போல உருட்டுவார். அதற்கு ஸ்கேட் என்று பெயர். யோடலும் ஸ்கேட்டும் வேறு வேறு ஊரில் பிறந்தவை. ஆனால் செய்யும் வேலை ஒன்றுதான். வார்த்தை போதாத இடத்தில் குரலே வாத்தியமாகி மீதியைச் சொல்கிறது. நம்ம ஊர் ஆலாபனையிலும் தாலாட்டிலும் குலவையிலும் இருப்பது இதுதானே.

இந்தியில் கிஷோர் குமார் யோடலிங்கை எடுத்துக்கொண்டார். தமிழில் அதற்கு ஒரே அடையாளமாக நின்றவர் சந்திரபாபு. இது மேல்நாட்டு நகல் மாதிரி நமக்குத் தோன்றாததற்குக் காரணம், அவர் அதைத் தமிழ்ப் பேச்சின் ஏற்ற இறக்கத்துக்குள் வைத்துப் பாடினார் என்பதுதான். கேலி, கெஞ்சல், சலிப்பு, காதல் என்று பேச்சில் வரும் உணர்ச்சிக்கு ஏற்ற இடத்தில்தான் குரல் உடையும்.

சென்னையில் கதவு எப்படித் திறந்தது?

1943-ல் குடும்பம் சென்னைக்குத் திரும்பி திருவல்லிக்கேணியில் குடியேறியது. அப்பா 'தினமணி'யில் வேலை பார்த்தார். பையனுக்கு ஒரே ஆசை, சினிமா.

1947-ல் பி.எஸ்.ராமையா இயக்கிய 'தன அமராவதி'யில் சின்ன வேடம் கிடைத்தது. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அலைச்சல்தான். ஸ்டுடியோ வாசல்கள், வாய்ப்புக் கேட்டுக் காத்திருப்பு, கை கொடுக்காத வாக்குறுதிகள். ஆடத் தெரியும், பாடத் தெரியும், இங்கிலீஷ் பேசத் தெரியும். ஆனால் இதெல்லாம் சேர்ந்த ஆளை எந்த வேடத்தில் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

1952-ல் ஜெமினி ஸ்டுடியோவில் எஸ்.எஸ்.வாசனைச் சந்திக்க வாய்ப்பே கிடைக்காமல், விரக்தியில் அந்த வளாகத்திலேயே தற்கொலைக்கு முயன்றார். உயிர் பிழைத்தார். ஆனால் அன்றைய சட்டப்படி அது குற்றம் என்பதால் வழக்குப் போட்டு கோர்ட்டில் நிறுத்தினார்கள். அங்கே நடந்ததாகப் பலரும் எழுதியிருக்கும் சம்பவம் ஒன்று உண்டு. நீதிபதி காரணம் கேட்டபோது சந்திரபாபு ஒரு தீக்குச்சியைக் கிழித்துத் தன் கையில் வைத்துக்கொண்டாராம். சுட்ட தழும்பை நீங்கள் பார்க்க முடியும், அந்த வலியை உணர முடியாது என்ற பொருளில் பதில் சொன்னாராம். எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

அதே 1952-ல் ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் அவருக்கு வேடம் கிடைத்தது. உயிரைவிட நினைத்த அதே ஸ்டுடியோவின் கதவு திறந்தது. அப்போது அவருக்கு 25 வயசு.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தனியாக இருக்க வேண்டாம். தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய எண்களில் எந்த நேரத்திலும் பேசலாம்.)

அடுத்தவர்களுக்காகவும் பாடினாரா?

ஆமாம். சந்திரபாபு தன் வேடத்துக்கு மட்டும் பாடியவர் இல்லை.

1954-ல் வந்த 'கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி' படத்தில் சிவாஜி கணேசனுக்கு அவர் பின்னணி பாடியிருக்கிறார். இசை டி.ஜி.லிங்கப்பா. பாட்டின் பெயரிலேயே 'ஜாலி லைஃப்' இருக்கும். அதே ஆண்டு ஏவிஎம்மின் 'பெண்' படத்தில் எஸ்.பாலசந்தருக்குப் பாடினார். கல்யாணத்தைப் பற்றிய அந்தத் துள்ளல் பாட்டுக்கு இசை ஆர்.சுதர்சனம். பாலசந்தர் சாதாரண ஆள் இல்லை. பின்னாளில் வீணை வித்வானாகப் பேர் வாங்கியவர், தானே நன்றாகப் பாடக்கூடியவர். அப்படிப்பட்டவருக்கே இந்த வகைப் பாட்டுக்கு சந்திரபாபு குரல் தேவைப்பட்டது.

அந்தக் காலத்துப் பாட்டுப் பதிவை இன்றைக்கு மாதிரி நினைத்துக்கொள்ளக் கூடாது. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில், ஒரே கூடத்தில், ஒரே மூச்சில் பாடி முடிக்க வேண்டும். நடுவில் ஒருவர் தப்புச் செய்தால் முதலிலிருந்து எல்லோரும் தொடங்க வேண்டும். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துச் சொச்சம்தான் கொள்ளும். ஒட்டு வேலை, சுருதி திருத்தும் மென்பொருள் எதுவும் கிடையாது. அந்த நெருக்கடிக்குள் ஒருவர் சிரித்துக்கொண்டே, உச்சிக்குத் தாவி, தாளம் பிசகாமல் திரும்பி வருகிறார் என்றால், கேட்பதற்குச் சும்மா விளையாட்டு போல இருந்தாலும் உள்ளே எவ்வளவு உழைப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

உச்சத்தில் இருந்த வருடங்கள் எவை?

சுருக்கமாகச் சொன்னால் 1957 முதல் 1962 வரை.

1957-ல் 'மணமகன் தேவை' படத்தின் 'பம்பரக் கண்ணாலே'. இசை ஜி.ராமநாதன். சேலத்துக்காரர்களுக்கு இங்கே ஒரு சொந்தம் உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'மந்திரி குமாரி' (1950) உட்பட பல படங்களுக்கு இசையமைத்தவர் இதே ராமநாதன்தான். ராகத்தில் ஊறிய மனுஷர். அவரே சந்திரபாபுவுக்கென்று வரும்போது இந்த மாதிரி துள்ளல் மெட்டுப் போட்டார்.

அதே ஆண்டு கிருஷ்ணன்-பஞ்சு இயக்கிய 'புதையல்'. இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி, பாட்டு பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். காதலியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடும் ஒருவனின் பாட்டு. கேலியாகவே போகும், ஆனால் காதல் பொய் என்று ஒரு இடத்திலும் தோன்றாது.

1958-ல் பி.ஆர்.பந்துலுவின் 'சபாஷ் மீனா'. சிவாஜிக்கு இணையாக, இரட்டை வேடத்தில். அதில் ஒரு வேடம் ரிக்‌ஷாக்காரர். கொழும்பில் வளர்ந்து இங்கிலீஷ் பேசிய ஆள், மெட்ராஸ் பாஷையை அந்தத் தெருவிலேயே பிறந்தவர் மாதிரிப் பேசினார். அதே ஆண்டு எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்'.

1959-ல் 'மரகதம்'. கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் படம், எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை. கே.ஜமுனாராணியோடு பாடிய 'குங்குமப்பூவே' இன்றைக்கும் கல்யாண வீட்டு ஆர்க்கெஸ்ட்ராவில் தவறாமல் வரும். அதே ஆண்டு ஏவிஎம்மின் 'சகோதரி'. எடுத்து முடித்த படத்தில் கலகலப்பு போதவில்லை என்று, சந்திரபாபுவை வைத்துத் தனியாக நகைச்சுவைக் காட்சிகள் எடுத்துச் சேர்த்தார்கள். பால்காரர் வேடம். தன்னையே முட்டாள் என்று சொல்லிக்கொண்டு, தன்னை முட்டாளாக்கிய புத்திசாலிகளைக் கிண்டல் செய்யும் பாட்டு அதில்தான்.

1960-ல் கண்ணதாசன் தயாரித்த 'கவலை இல்லாத மனிதன்'. 1962-ல் ஏவிஎம்மின் 'அன்னை'. இந்த இரண்டு படங்களின் பாட்டுகளும் வேறு ரகம். துள்ளல் குறைந்து நிதானம் வந்திருக்கும். முதலாவது, பிறப்பின் அழுகைக்கும் சாவின் அழுகைக்கும் நடுவில் மனுஷன் சிரிக்கக் கிடைக்கும் கொஞ்ச நேரத்தைப் பற்றியது. இரண்டாவது, அறிவும் வெற்றியும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதைப் பற்றியது. இரண்டையும் எழுதியவர் கண்ணதாசன்.

இந்தப் பாட்டெல்லாம் வாழப்பாடி வரை எப்படி வந்தது?

1952-ல் மத்திய செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்கள் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தவர். அவர் காலத்தில் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு சுருங்கிப்போனது. 1957 அக்டோபரில் விவித் பாரதி வரும்வரை நிலைமை அப்படித்தான். அந்த இடைவெளியை நிரப்பியது கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலி. சிற்றலையில் கரகரவென்று வந்தாலும், சேலம், நாமக்கல் சமவெளி வரை தமிழ்ப் பாட்டு அதில்தான் வந்தது. ஊர் டீக்கடையில் ஒரு ரேடியோ இருந்தால் போதும், சுற்றி ஒரு கூட்டம் நிற்கும்.

கவனித்தீர்களா? கொழும்பில் வளர்ந்து, அங்கே காதில் விழுந்ததைத் தமிழாக்கிய ஒருவரின் குரல், கொழும்பிலிருந்தே திரும்பவும் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு வந்தது.

ரேடியோவைத் தவிர டூரிங் கொட்டாய். மணல் தரை, நடுவில் படுதா, இடைவேளையில் முறுக்கு. படம் ஆரம்பிக்கும் முன்பு கூம்பு ஸ்பீக்கரில் இசைத்தட்டு போடுவார்கள். பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அதுதான் மணி. மாரியம்மன் பண்டிகை, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மைக் செட்காரர் பெட்டியில் சந்திரபாபு தட்டு ஒன்று இருக்கும். யோடலிங் என்ற வார்த்தையே தெரியாமல் ஒரு தலைமுறை வரப்பில் நடந்துகொண்டே அதைப் பாடிப் பார்த்தது. இன்றைக்கு ஹெட்போனில் கேட்கும் பேரனுக்கும் பேத்திக்கும் இந்தப் பாட்டு எங்கேயோ தெரிந்த மாதிரி இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஏன் பழசாகவில்லை?

மூன்று காரணங்கள் சொல்லலாம்.

ஒன்று, பேச்சு நெருக்கம். அந்தக் காலத்துப் பல பாட்டுகளில் பாடகர் மேடையில் நின்று ஆயிரம் பேருக்குப் பாடுவது தெரியும். சந்திரபாபு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிப் பாடுவார். மைக் என்ற கருவியை நம்பிக் குரலைத் தளர்த்தியவர் அவர். அமெரிக்க ஜாஸ் பாடகர்கள் தங்கள் ஊரில் செய்ததும் இதையேதான். கத்த வேண்டிய தேவை போனதும் குரலில் நையாண்டி, தயக்கம், மூச்சு எல்லாம் கேட்க ஆரம்பித்தன. ஹெட்போனில் கேட்பதற்கென்றே பாடினது மாதிரி இருப்பது இதனால்தான்.

இரண்டு, தாளத்தோடு விளையாட்டு. தாளம் நேராகப் போய்க்கொண்டிருக்கும், இவர் குரல் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும், கடைசியில் சரியான இடத்தில் வந்து உட்காரும். ஜாஸில் ஸ்விங் என்று சொல்லப்படும் ஊஞ்சல் உணர்வு இதற்கு நெருக்கமானது. நூறாவது முறை கேட்கும்போதும் உடம்பு தானாக ஆடுவது இதனால்தான்.

மூன்றாவதுதான் முக்கியம். இந்தப் பாட்டுகள் எல்லாம் சரியாகிவிடும் என்று பொய் சொல்வதில்லை. ஏமாந்தவன், தோற்றவன், முட்டாள் என்று பேர் வாங்கியவன், காதலில் கெஞ்சுபவன் இவர்கள்தான் அதில் பாடுகிறார்கள். தங்கள் நிலைமை தெரிந்தே சிரிக்கிறார்கள். மேனேஜரிடம் திட்டு வாங்கிவிட்டு பஸ் ஏறுபவருக்கு, வெற்றி பெற்றவரின் அறிவுரையைவிடத் தோற்றவரின் சிரிப்பு ஆறுதலாக இருக்கும். ப்ளூஸும் ஜாஸும் உலகம் முழுக்க ஆறுதல் இசையானதும் இதே காரணத்தால்தான். துயரத்தை ஒளித்துவைக்காமல் அதற்குத் தாளம் போட்ட இசை அது.

பிறகு என்ன ஆனது?

சந்திரபாபுவின் கல்யாணம் 1958-ல் நடந்தது. அது நிலைக்கவில்லை. கொஞ்ச காலத்திலேயே பிரிந்துவிட்டார்கள். அவர் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

சினிமாவிலும் அவருக்கு எதிரிகள் சேர்ந்தார்கள். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பேர் சொல்லிக் கூப்பிடுவார், முகத்துக்கு நேரே விமர்சிப்பார். அண்ணன், ஐயா என்று அழைத்துப் பழகிய சென்னைப் பட உலகில் இது திமிராகத்தான் பார்க்கப்பட்டது. முழுக்க அநியாயம் என்றும் சொல்ல முடியாது. படப்பிடிப்புக்கு வராமல் தயாரிப்பாளர்களைத் தவிக்கவிட்டார் என்ற புகாரும் அவர்மேல் உண்டு. 'கவலை இல்லாத மனிதன்' தயாரித்த கண்ணதாசனே அவரால் பட்ட அவஸ்தையைப் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

கேசவப் பெருமாள்புரத்தில் ஆசை ஆசையாக ஒரு பெரிய வீடு கட்டினார். கார் மாடி வரை ஏறிப் போகும்படி அமைத்த வீடு என்று அன்றைக்கு ஊரே பேசியது. அதே காலத்தில் எம்.ஜி.ஆரை வைத்து 'மாடி வீட்டு ஏழை' என்று ஒரு படம் இயக்கத் தொடங்கினார். படம் பாதியில் நின்றது, போட்ட பணம் போனது, வீடும் கையைவிட்டுப் போனது. மாடி வீடு கட்டியவர் ஏழையானார். தலைப்பு அவருக்கே பொருந்திப்போனது.

1966-ல் தானே எழுதி, இயக்கி, நடித்து 'தட்டுங்கள் திறக்கப்படும்' எடுத்தார். பைபிளில் இருந்து வரும் தலைப்பு. காமெடியனிடம் யாரும் எதிர்பார்க்காத கனமான படம். இன்றைக்குப் பார்ப்பவர்கள் மெச்சுகிறார்கள். அன்றைக்கு ஓடவில்லை. சிரிக்க வைப்பவர் அழ வைக்க முயன்றால் ஜனங்கள் டிக்கெட் வாங்குவதில்லை.

கடன், குடி, போதை மருந்துப் பழக்கம் மூன்றும் சேர்ந்து உடம்பைத் தின்றன. நடுவே 'அடிமைப்பெண்' (1969) போன்ற படங்களில் வேடங்கள் வந்தன. ஆனால் பழைய வேகம் திரும்பவில்லை. கடைசி வரை விடாமல் இருந்த நண்பர்களில் ஒருவர் எம்.எஸ்.விஸ்வநாதன். 1974 மார்ச் 8-ம் தேதி சந்திரபாபு இறந்தார். சாந்தோம் பக்கம் குயிபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் கதையில் நமக்கு என்ன இருக்கிறது?

ஊரைச் சிரிக்க வைத்துவிட்டு உள்ளுக்குள் அழுத கோமாளி என்று இந்த வாழ்க்கையை ஒரே வரியில் முடித்துவிடுவது சுலபம். பல பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் அது அவருடைய வேலையைச் சின்னதாக்கிவிடும். அவர் பாடினது சோகத்தால் மட்டும் வந்ததில்லை. கொழும்பில் கேட்டது, சென்னையில் அலைந்தது, மைக் முன்னால் நின்று பழகியது என்று பல வருஷத்து உழைப்பால் வந்தது. சோகம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அதற்கு இப்படி ஒரு தாளம் போடத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இன்னொன்றும் உண்டு. 25 வயசில் அவர் கோர்ட்டில் சொன்னதாகச் சொல்லப்படும் விஷயம், அடுத்தவர் வலியை வெளியிலிருந்து பார்க்கலாம், உணர முடியாது என்பது. அதற்குப் பிறகு இருபது வருஷம் அவர் பாடினதெல்லாம் அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தது. கேட்பவர்கள் தங்கள் வலி யாருக்கோ தெரிந்திருக்கிறது என்று நினைத்தார்கள். அவருடைய வலிக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லாமல் போனது. நம்ம ஆபீஸிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் எல்லோரையும் சிரிக்க வைக்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரை ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவைப்பது நல்லது.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வரிசை:

1. 'பெண்' (1954): குரல் எவ்வளவு இளசாக, எவ்வளவு துணிச்சலாக இருக்கிறது என்று தெரியும்.

2. 'மணமகன் தேவை' (1957): கர்நாடக இசையில் ஊறிய ராமநாதனும் மேல்நாட்டுத் துள்ளலும் சந்திக்கும் இடம்.

3. 'புதையல்' (1957): கேலியும் காதலும் சரிபாதி.

4. 'மரகதம்' (1959): ஜமுனாராணியோடு ஜோடி. இரண்டு குரலும் ஒன்றையொன்று சீண்டுவதைக் கவனியுங்கள்.

5. 'சகோதரி' (1959): தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்வது எப்படி என்பதற்குப் பாடம்.

6. 'கவலை இல்லாத மனிதன்' (1960), 'அன்னை' (1962): இரண்டையும் கடைசியாக, அடுத்தடுத்துக் கேளுங்கள். பஸ் வாழப்பாடியை நெருங்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகாது.